டேப்பிங் எடுத்த சிங்கிள் காயில் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? சின்ன எண்ணை முதலில் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுகிற காந்தமும் கம்பிச் சுருளும்தான் பிக்கப். ஒரே சுருள் என்றால் சிங்கிள் காயில், இரண்டு சுருளை வைத்து 'ஹம்' என்கிற மின் இரைச்சலை அடக்கினால் ஹம்பக்கர். டேப்பிங் எடுத்த சிங்கிள் காயிலை முழுச் சுருளாகவும் (ஃபுல்) வாசிக்கலாம், சுருளின் ஒரு பகுதியை மட்டும் (டேப்) வைத்தும் வாசிக்கலாம், அதனால் அதற்கு இரண்டு ஓம் எண் உண்டு. எல்லோர் கண்ணும் ஃபுல்லின் பெரிய எண்ணில்தான் போய் நிற்கிறது. ஃபுல்லில் 12 கிலோ ஓம் வருமாம், ஹம்பக்கர் மாதிரி அடிக்குமாம், ஸ்விட்சைத் தட்டினால் பழைய ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்) ஆகிவிடுமாம். நானும் இப்படி மயங்கித்தான் முதல் பிக்கப்பை வாங்கினேன். மாட்டி ஒரு மாதம் கழித்துக் கவனித்தால், ஸ்விட்ச் பெரும்பாலும் டேப் பக்கமே கிடந்தது, சோலோ வாசிக்கும்போது மட்டும்தான் ஃபுல்லுக்குப் போயிருக்கிறேன். அந்த டேப் ஒலியோ மெலிந்து, தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. வாங்கும்போது அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் இதை முழுக்க ஒரே பிடிவாதத்தோடு எழுதுகிறேன்: சின்ன எண்ணில் அது உங்களுக்குப் பிடித்த சிங்கிள் காயிலாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய எண் அதற்கு மேல் கிடைக்கிற கொசுறு.

சரி, பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். டேப் என்றால் ஒட்டுகிற டேப் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர்கள் டேப்பிங் என்பார்களே, அதே வேலைதான். பாபினில் (கம்பி சுற்றும் கட்டையில்) முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே போகிறார்கள், உதாரணமாக 8,000 சுற்று வந்ததும் ஒரு ஒயரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதன் மேலேயே இன்னும் 4,000 சுற்று சுற்றி முடிக்கிறார்கள். வெளியே வருவது மூன்று ஒயர்: ஆரம்பம், டேப், முடிவு. ஆரம்பம் கிரவுண்டுக்குப் போகும். டேப்பிலிருந்து சிக்னல் எடுத்தால் அது 8,000 சுற்றுப் பிக்கப், முடிவிலிருந்து எடுத்தால் 12,000 சுற்றுப் பிக்கப்.

ஹம்பக்கரில் செய்கிற காயில் ஸ்ப்ளிட் வேறு. அங்கே இரண்டு காயில் இருக்கும், ஒன்றை அணைக்கிறோம், அணைத்ததும் ஹம்மை அடக்குகிற குணமும் போய்விடும். பிக்கப் செய்கிறவர்களே பல நேரம் ஸ்ப்ளிட்டுக்கும் 'காயில் டேப்' என்றுதான் எழுதுகிறார்கள், அதனால் பெயரை நம்பாமல் பாபின் எத்தனை என்று பாருங்கள். இங்கே ஒரே பாபின், ஒரே காயில். இரண்டு நிலையிலும் அது சிங்கிள் காயில்தான், இரண்டு நிலையிலும் ஹம் இருக்கும். ஃபுல்லில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், ஏனென்றால் சுற்று கூடினால் ஸ்ட்ரிங்கின் சிக்னலோடு ஹம்மும் சேர்ந்தே கூடுகிறது. ஹம் தொலைய வேண்டும் என்பதற்காக இதை வாங்க நினைத்திருந்தால், வேண்டாம், ஹம்பக்கர் பக்கம் போங்கள்.

புதுசாக வந்த சமாச்சாரமும் இல்லை இது. 1970களின் கடைசியிலேயே ஷெக்டர் கம்பெனி எஃப்500டி என்ற டேப் பிக்கப்பை விற்றது, ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனியாக ஒரு குட்டி டாகிள் ஸ்விட்ச் வைத்து. சீமோர் டங்கனின் குவார்ட்டர் பவுண்ட் பிக்கப்பிலும் டேப் எடுத்த வகை உண்டு. பெயரில் உள்ள 'குவார்ட்டர்', கால் இன்ச் விட்டமுள்ள அதன் காந்தத் துண்டுகளைக் குறிக்கிறது.

ஓம் எண்ணை எவ்வளவு நம்பலாம்

பழைய ஸ்ட்ராட் பிக்கப் என்றால் 42 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்கிற எண்) கம்பியில் ஏறக்குறைய 8,000 சுற்று, மல்டிமீட்டரில் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் (ஸ்ட்ரிங் வந்து உட்காருகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது) 7 கிலோ ஓம் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் டேப் எண்ணைப் பார்த்ததும் ஒரு குத்துமதிப்பு கிடைத்துவிடும். ஆனால் ஓம் என்பது கம்பியின் நீளத்தையும் தடிமனையும் சொல்கிற எண்தான், ஒலியைச் சொல்கிற எண் இல்லை. 43 கேஜ் கம்பி 42-ஐ விட மெல்லியது, அதே சுற்றுக்கு அது கிட்டத்தட்ட கால் பங்கு அதிகமாகக் காட்டும். 42 கேஜில் 8 கிலோ ஓம் வருவதும் 43 கேஜில் 10 வருவதும் ஏறக்குறைய ஒரே சுற்று எண்ணிக்கைதான், இரண்டாவதை 'ஹாட்' (அதிகச் சத்தம் தரும்) பிக்கப் என்று நினைத்தால் ஏமாந்தோம். அறை 10 டிகிரி சூடானாலே செம்பின் ஓம் 4 சதவீதம் கூடும், அதனால் பாயிண்டுக்குப் பிறகு வருகிற எண்ணுக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு சின்ன ஏமாற்று இருக்கிறது. டேப்பில் 6, ஃபுல்லில் 10 என்றால் டேப்பில் 60 சதவீதச் சுற்று இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அதைவிட அதிகம். உள்பக்கச் சுற்று சிறியது, மேலே போகப் போக ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி நீளமாகத் தேவைப்படுகிறது, ஆக மேல் பகுதி குறைந்த சுற்றிலேயே அதிக ஓம் காட்டிவிடும்.

நம்பக்கூடிய எண் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதைக் காயில் எவ்வளவு எதிர்க்கிறது என்கிற அளவு. ஹென்றியில் எழுதியிருப்பார்கள், எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், நல்ல பிக்கப் செய்கிறவரிடம் இந்த எண் கையில் இருக்கும். பழைய ஸ்ட்ராட் வகையில் இது 2.2 முதல் 2.5 ஹென்றி பக்கம். சுற்று கூடும்போது வோல்டேஜ் அதே விகிதத்தில் கூடுகிறது, ஆனால் இண்டக்டன்ஸ் வர்க்கத்தில் கூடுகிறது. இதுதான் டேப் பிக்கப்பின் முழு ரகசியமும், அதனால் ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

டேப்பில் 2.4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். ஃபுல்லில் சுற்று ஒன்றரை மடங்கு. அப்படியானால் ஃபுல்லில் இண்டக்டன்ஸ் 2.4-ஐ 2.25-ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 5.4 ஹென்றி. கிட்டாரிலிருந்து ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) போகிற 5 மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்குகிற அளவு), பிக்கப்பினுடையது, எல்லாம் சேர்த்து 600 பிகோஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், டேப்பில் ரெசனன்ஸ் உச்சி (பிக்கப் அதிகமாகத் தூக்கிக் கொடுக்கிற அதிர்வெண்) சுமார் 4,200 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும், ஃபுல்லில் சுமார் 2,800-க்கு இறங்கிவிடும். சத்தம் கூடுவதோ 3.5 டெசிபல்தான். காதுக்கு உறைப்பது அந்த 3.5 டெசிபல் இல்லை, உச்சி இறங்கியதுதான். 4,200-இல் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டுகிற சின்னத் தகடு) ஸ்ட்ரிங்கில் படும் 'டிக்' தனியாகக் கேட்கும், கண்ணாடி மாதிரி. 2,800-இல் அந்த முனை மழுங்கி, நடுப்பகுதி தடித்து, யாரோ மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி முன்னே வரும். அதனால்தான் 'ஒரு பூஸ்ட் பெடல் போதாதா' என்ற கேள்விக்கு நான் இல்லை என்பேன். பெடல் சத்தத்தை ஏற்றும், உச்சியை இடம் மாற்றாது.

எந்த எண்ணை வாங்குவது

பிரிட்ஜுக்கு என்றால் டேப்பில் 42 கேஜ் கம்பியில் 6.3 முதல் 7.2 கிலோ ஓம், அல்லது 2.4 முதல் 3 ஹென்றி. இதற்குக் கீழே போனால் பிரிட்ஜில் மெலிகிறது. என் முதல் பிக்கப்பின் டேப் 5 கிலோ ஓம்கூட இல்லை, அந்தத் தகர டப்பாவுக்குக் காரணம் வேறு எதுவும் இல்லை. நெக்குக்கு (கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு) 5.6 முதல் 6.2 போதும்.

அடுத்து இரண்டு நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. சுற்று விகிதம் 1.3 முதல் 1.5 வரை இருந்தால் எனக்குச் சரியாக வருகிறது. 1.2-க்குக் கீழே என்றால் சத்த வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. 1.7 என்று போனால் நாலரை டெசிபலுக்கு மேல் குதிக்கும், ஆம்ப் செட்டிங்கை டேப்புக்கு வைத்தால் ஃபுல் கொழகொழ என்று ஆகும், ஃபுல்லுக்கு வைத்தால் டேப் குத்தும். விகிதத்தைக் கண்டுபிடிக்கச் சுற்று எண்ணிக்கை தெரிய வேண்டியதில்லை. ஃபுல் இண்டக்டன்ஸை டேப் இண்டக்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 4.8-ஐ 2.4-ஆல் வகுத்தால் 2, வர்க்கமூலம் 1.41. நல்ல பிக்கப்.

மூன்று இடத்திலும் டேப் வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. பிரிட்ஜில் கண்டிப்பாக அர்த்தம் இருக்கிறது, ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் பிக்கப் தனியாக ஒல்லியாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. நெக்கில் ஃபுல் போட்டால் ஏற்கெனவே கொழுத்த ஒலி இன்னும் கொழுத்து, கார்டு வாசித்தால் ஒன்றுமே பிரிந்து கேட்காது. நடுப் பிக்கப்புக்கு டேப் வைப்பது ஸ்விட்ச் செலவுதான். இதில் இன்னொரு கணக்கும் உண்டு: நடுப் பிக்கப் எதிர்த் திசைச் சுற்றும் எதிர்க் காந்த முனையும் உள்ளதாக இருந்தால், பிரிட்ஜோடு சேர்க்கும்போது ஹம் அடங்கும். ஆனால் அது இரண்டிலும் சுற்று ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் நன்றாக அடங்கும். பிரிட்ஜை ஃபுல்லில் விட்டுவிட்டு நடுவோடு சேர்த்தால் மிச்ச ஹம் கேட்கும், பயந்துவிட வேண்டாம், வயரிங்கில் தப்பு இல்லை.

காந்தம் பற்றி ஒரே ஒரு விஷயம். ஸ்விட்ச் தட்டினால் சுற்றுதான் மாறும், காந்தம் மாறாது. கால் இன்ச் அல்னிகோ 5 துண்டுகள் உள்ள பிக்கப்பின் டேப், பழைய ஸ்ட்ராட்டின் அதே ஒலியைத் தராது, ஸ்ட்ரிங்கை இழுக்கிற இழுப்பும் அடிக்கிற அடியும் வேறு. பழைய ஒலிதான் முக்கியம் என்றால் வழக்கமான மெல்லிய துண்டுகள் உள்ளதைத் தேடுங்கள். வாங்கும் முன் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கால் இன்ச் துண்டு சாதாரண ஸ்ட்ராட் கவரின் துளையில் நுழையாது, அதிகச் சுற்றால் காயில் பருத்துவிட்ட பிக்கப் சில கவருக்குள் உட்காரவே உட்காராது.

மூன்று ஒயரில் எது எது

வந்த பிக்கப்பின் கலர் விளக்கத்தை முழுசாக நம்பாமல் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து அளந்துவிடுங்கள். மூன்று ஒயரை இரண்டிரண்டாகப் பிடித்தால் மூன்று எண் வரும், உதாரணமாக 6.5, 3.5, 10. பெரிய எண் வந்த ஜோடி இரண்டு முனைகள், மீதி ஒயர்தான் டேப். டேப்போடு சேர்த்து அளக்கும்போது 6.5 காட்டுகிற முனை ஆரம்பம், அது கிரவுண்டுக்கு. 3.5 காட்டுகிற முனை ஃபுல்.

இதைத் தலைகீழாக மாட்டினால், அந்தப் பிக்கப்பைத் தனியாக வாசிக்கும்போது ஃபுல்லில் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் ஆபத்து. டேப்புக்குத் தட்டினால் 6.5-க்குப் பதில் அந்த 3.5 கிலோ ஓம் துண்டு மட்டும் பேசும், கொசு கத்துகிற மாதிரி. பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது ஃபேஸ் (இரண்டு சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்பது) விஷயத்தில்தான்: இரண்டு பிக்கப்பைச் சேர்க்கும்போது ஒலி உள்ளே இழுத்துக்கொண்டு மூக்கால் பேசினால் ஃபேஸ் எதிராக இருக்கிறது என்று அர்த்தம், சாதாரணப் பிக்கப்பில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. டேப் பிக்கப்பில் அதைச் செய்தால் டேப் கெட்டுவிடும். மாற்ற வேண்டியது பக்கத்தில் இருக்கிற டேப் இல்லாத பிக்கப்பின் ஒயரை. சால்டர் வைக்கும் முன்பே பார்த்துவிடலாம்: மீட்டரை ஆரம்பத்திலும் ஃபுல்லிலும் மாட்டிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரைக் காந்தத் துண்டின் மேல் டக்கென்று வையுங்கள், எண் ஒரு கணம் மேலேயோ கீழேயோ துள்ளும். மற்ற பிக்கப்பிலும், மீட்டரின் சிவப்பு ஒயர் சிக்னல் முனையிலும் கறுப்பு கிரவுண்டிலும் இருக்கிற அதே முறையில், அதே பக்கம் துள்ள வேண்டும்.

இப்போது என் பெரிய தப்பு. ஹம்பக்கர் ஸ்ப்ளிட் வரைபடம் ஒன்றைப் பார்த்து, பயன்படாத பகுதியை ஷார்ட் செய்தேன். அதாவது ஸ்விட்ச் டேப்புக்கு வரும்போது டேப் ஒயரும் ஃபுல் ஒயரும் ஒன்றாகச் சேரும்படி சால்டர் வைத்துவிட்டேன். ஹம்பக்கரில் இது பிரச்சினை இல்லாத வழி. டேப் பிக்கப்பிலோ இரண்டு பகுதியும் ஒரே காந்தத்தின் மேல் ஒன்றோடொன்று ஒட்டிச் சுற்றப்பட்டவை, ஒன்றை ஷார்ட் செய்தால் அது ஷார்ட் ஆன டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி மற்றதன் சிக்னலைத் தின்னும். ட்ரெபிள் முழுக்கப் போய், போர்வைக்குள் வைத்து வாசிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு வாரம் பிக்கப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஒயரை வெட்டி விட்டதும் சரியாகிவிட்டது. ஆகவே பயன்படாத முனை சும்மா தொங்க வேண்டும், எங்கேயும் தொடக் கூடாது.

ஸ்விட்சும் பொட்டென்ஷியோமீட்டரும்

ஒரு பிக்கப்புக்கு ஆன்-ஆன் டாகிள் ஒன்று போதும்: நடுக்கால் செலக்டருக்கு (எந்தப் பிக்கப் என்று தேர்ந்தெடுக்கிற ஸ்விட்சுக்கு), ஒரு பக்கம் டேப், மறுபக்கம் ஃபுல். கடையில் ஆன்-ஆஃப்-ஆன் கொடுத்துவிட்டால் நடுவில் ஒலியே வராத ஒரு நிலை இருக்கும். மூன்று பிக்கப்புக்கும் தனித்தனி டாகிள் வைத்து செலக்டரையே எடுத்துவிடுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும், மற்றவர்களுக்கு மேடையில் மானம் போகும். கிட்டாரில் துளை போட மனசு வராதவர்களுக்கு புஷ்-புல் பாட் (இழுத்தால் ஸ்விட்சாகவும் வேலை செய்கிற பொட்டென்ஷியோமீட்டர்) இருக்கிறது, டோன் பாட்டுக்குப் பதிலாக மாட்டிவிடலாம். உள்ளே ஆழம் இருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே அளந்துகொள்ளுங்கள், அது சாதாரணப் பாட்டை விட உயரமானது.

வால்யூம் பாட் 250-ஆ 500 கிலோ ஓமா என்பது டேப் பிக்கப்பில் மட்டும் உண்மையான தலைவலி. 250 போட்டால் டேப் ஒலி பழக்கமான சிங்கிள் காயில் மாதிரி வரும், ஃபுல் கொஞ்சம் மங்கும். 500 போட்டால் ஃபுல் திறந்து பேசும், டேப் காதைக் கிழிக்கும். புஷ்-புல்லில் ஆறு கால் இருக்கிறது, நாம் பயன்படுத்துவது மூன்றுதான், மீதி மூன்றை வைத்து இதைச் சமாளிக்கலாம். வால்யூமுக்கு 500 பாட் போடுங்கள். ஸ்விட்சின் இரண்டாவது வரிசையின் நடுக்காலை வால்யூமின் உள்ளே வருகிற காலோடு சேருங்கள், டேப் பக்கக் காலிலிருந்து 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கு விடுங்கள், மற்ற காலைச் சும்மா விட்டுவிடுங்கள். டேப்புக்கு வந்தால் 500-உம் 470-உம் இணையாகச் சேர்ந்து ஏறக்குறைய 242 ஆகும், ஃபுல்லுக்குப் போனால் ரெசிஸ்டர் கழன்றுகொள்ளும். சில்லறைக் காசு ரெசிஸ்டர், ஆனால் பல விலையுயர்ந்த பிக்கப் மாற்றங்களை விட இதில் எனக்குக் கிடைத்த நிம்மதி அதிகம். இது முழுக் கிட்டாரின் வால்யூம் என்பதால், பிரிட்ஜை ஃபுல்லில் வைத்துவிட்டு நெக்குக்கு மாறினால் நெக் பளிச்சென்று கேட்கும், அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உயரம். உயரத்தை டேப்பில் வைத்து முடிவு செய்யுங்கள், ஃபுல்லில் வைத்து இல்லை. கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த ஈ ஸ்ட்ரிங்குக்குக் கீழே 2.4 மில்லிமீட்டர், மெல்லிய ஈ-க்குக் கீழே 2 மில்லிமீட்டர் என்று ஆரம்பியுங்கள். டேப்பில் மெலிவாக இருக்கிறது என்று பிக்கப்பை மேலே ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். ஆனால் காந்தம் கிட்டே வந்தால் தடித்த ஸ்ட்ரிங்கில், 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே, ஒரே நோட்டில் இரண்டு சுதி சண்டை போடுகிற மாதிரி ஆடும், ட்யூனர் முள் நிற்கவே நிற்காது. அப்படி ஆடினால் கால் திருகு, கால் திருகாக இறக்குங்கள். கால் இன்ச் காந்தம் என்றால் இன்னும் அரை மில்லிமீட்டர் கீழேயே ஆரம்பிக்கலாம். பிக்கார்டின் (பிக்கப்பைத் தாங்குகிற முகப்புத் தகட்டின்) எல்லா ஸ்க்ரூவையும் இறுக்குவதற்கு முன்னால், நீங்கள் வழக்கமாகப் போடுகிற அதே கேபிளைப் போட்டு ஒரு அரைமணி நேரம் இரண்டு நிலையிலும் வாசித்துப் பாருங்கள். நண்பரிடம் இரவல் வாங்கிய குட்டிக் கேபிளில் கேட்டுவிட்டு முடிவு செய்தால், நாளைக்கு நீளக் கேபிளில் அந்த ரெசனன்ஸ் உச்சி கீழே இறங்கிவிடும், மறுபடியும் எல்லா ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டியிருக்கும்.